நம்மூர்க் கல்லும் சாளக்கிராமமும்

(வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச ஒப்புக்கொண்டிருப்பது ஒரு கல்லைப் பற்றியதாகும். நமது கூட்டத்தில் ஒருவன் கல்லைப் பற்றிப் பேசுகின்றான் என்றால் கோவிலுக்குள் இருக்கின்ற கல்லைத்தான் பேசப்போகின்றான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயற்கைதான். ஆனால் நான் எடுத்துக்கொண்டது வயலில் கிடந்த கல். இதோ மேஜையின்மேல் ஈரத்துணியில் வைத்திருக்கின்றேன். பேச்சு முடிந்தபின் எல்லோரும் கையில் எடுத்துப் பார்க்கலாம். சென்ற மழைக்காலத்தில் கரசூர்ப் பக்கத்து வரப்பொன்றில் மண் கரைந்தபோது ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் இதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "ஐயா, இது நத்தையா, பாம்பா, சாமியா?" என்று கேட்டான். மூன்றுமில்லை என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "அப்படியானால் இது என்ன?" என்று திருப்பிக் கேட்டான் பாருங்கள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு இங்கு வந்திருக்கின்றேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகின்றேன். நான் காலேஜில் படித்தவனல்ல. ஆறாவதோடு படிப்பு நின்று அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கப் போனவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் புஸ்தகத்தை நாளொன்றுக்கு ஒரு பக்கம் வீதம் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகின்றேன். ஆகையால் நான் சொல்லுகின்றேன் என்பதற்காக நீங்கள் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கல் இங்கே இருக்கின்றது. கண் உங்களிடம் இருக்கின்றது.

இந்தக் கல்லின்மேல் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தகப்பனார் கிணறு வெட்டுகின்ற கூலி. எனக்குப் பத்து வயதிருக்கும்போது இந்தப் பக்கத்தில் ஒரு தனவந்தர் நிலத்தில் கிணறு வெட்டினார்கள். நாலு ஆள் ஆழத்தில் கடப்பாரை பட்டு ஒரு உருண்டைக் கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே சக்கரம்போலச் சுருண்ட ஒரு உருவம் இருந்தது. மண் கூடையோடு மேலே வந்த அந்தக் கல்லை நான் கழுவிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலத்துக்காரர் வந்தார். "அடே, அது சாளக்கிராமமடா, அதை நீ தொடலாமா? கீழே வை" என்றார். வைத்துவிட்டேன். அவர் போய் ஸ்நானம் செய்துவிட்டு வந்து பட்டுத் துணியில் அதை எடுத்துக்கொண்டு போனார். பூமிக்குள்ளே மூச்சுத் திணற என் தகப்பனார் வெட்டி எடுத்தபோது தீட்டுப்படாத கல், வெளிச்சத்தில் அவர் மகன் தொட்டவுடன் தீட்டுப்பட்டுவிட்டது!

அது நிற்க. அந்தக் கல் அவர் வீட்டுப் பூஜையில் சந்தனமும் துளசியுமாகச் சில வருஷங்கள் இருந்ததென்றும், அவர் காலத்துக்குப்பின் வீட்டை விற்றபோது எவனோ வெளியூர் வியாபாரி விலைக்கு வாங்கிக்கொண்டு போனானென்றும் கேள்வி. எந்தக் கிணறு, எத்தனை அடி, மேலே என்ன மண், கீழே என்ன மண் என்று ஒருவராவது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தார்களா? இல்லை. கிணறும் தூர்ந்துபோய்விட்டது. தீட்டென்று சொன்னதைக்கூட நான் மறந்துவிடுவேன். கல் எங்கிருந்து வந்தது என்பது அடியோடு தொலைந்துபோனதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

பிராணியும் அதன் வீடும்

கடற்கரையோரத்து உறவினர் உங்களில் பலருக்கு இருப்பார்கள். கணவாயைப் பார்த்திருப்பீர்கள், சாப்பிட்டுமிருப்பீர்கள். தலையிலிருந்தே கைகள் முளைத்திருக்கும். பயந்தால் மை கக்கும். அதன் முதுகுக்குள்ளே ஒரு வெள்ளை ஓடு இருக்கின்றதல்லவா? நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கின்றார்களே, அதுதான். அது நுரையுமல்ல, எலும்புமல்ல. குறுக்கே அறுத்துப் பார்த்தால் காகிதம்போல் மெல்லிய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். நடுவே சந்துகள் இருக்கும். அந்தச் சந்துகளில் காற்றும் நீரும் கூடிக் குறைவதால்தான் கணவாய் மிதக்கவும் அமிழவும் முடிகின்றது.

இந்தக் கல்லுக்குச் சொந்தக்காரனான பிராணி அந்தக் கணவாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. கணவாய்க்கு ஓடு உள்ளே. இதற்கு ஓடு வெளியே. அதுதான் பெரிய வித்தியாசம். இதற்கு அம்மோனைட்டு என்று பெயர்.

கல்லைப் பாருங்கள். ஒரு கயிற்றைப் பாயின்மேல் தட்டையாகச் சுற்றி வைத்தாற்போல் இருக்கின்றது. வயல் நத்தையின் சுருள் ஒரு பக்கமாகக் கோபுரம்போல் எழும்பும். இது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. எனவே நம் வயல் நத்தையல்ல. பாம்பு என்றால் தலை எங்கே? முதுகெலும்பு எங்கே? ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக உள்ளே இருப்பது அறைகள். இரண்டாக அறுத்து மெருகிட்ட கல்லின் படம் ஒன்று கொண்டுவந்திருக்கின்றேன். நடுமத்தியில் ஆரம்பித்து வெளிப்பக்கம் வரை குறுக்குச் சுவர்கள் வரிசையாக இருப்பதைப் பார்க்கலாம். ஆரம்பத்து அறை கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். முட்டையிலிருந்து வெளிவந்தபோது இந்தப் பிராணி ஓட்டோடுகூட ஒரு கசகசா அளவுதான் இருந்திருக்கும்.

அது வளர வளர ஓட்டின் வாய்ப்புறத்தில் சுண்ணாம்பைச் சேர்த்து நீட்டிக்கொண்டே போகும். உடம்பு முன்னுக்கு நகரும். நகர்ந்தபின் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவரை எழுப்பிப் பழைய இடத்தை மூடிவிடும். ஆகவே பிராணி குடியிருந்தது கடைசியாகக் கட்டிய பெரிய அறையில் மாத்திரமே. மற்ற அறைகளெல்லாம் மூடப்பட்டவை. வீணாகக் கட்டி மூடிவைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாச் சுவர்களையும் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழல் முதல் அறைவரை போகின்றது. புதிதாகக் கட்டிய அறையில் முதலில் தண்ணீர்தான் இருக்கும். குழலுக்குள் இருக்கின்ற சதை அந்த நீரிலிருந்து உப்பை இழுக்க, உப்பின் பின்னாலேயே நீரும் போய்விடும். காலியான இடத்தில் காற்று மெள்ளக் கசிந்து நிரம்பும். நாம் ஏற்றம் போட்டு இறைத்ததுபோல இந்தப் பிராணி தன் வீட்டையே இறைத்துக்கொண்டது. அதனால் கனமான ஓட்டைச் சுமந்துகொண்டும் தரையில் விழாமல் கடல் நடுவில் நிற்க முடிந்தது. இது கதையா என்று சந்தேகம் வந்தால், நாட்டிலஸ் என்ற அதன் தூரத்து உறவு பசிபிக் சமுத்திரத்தில் இன்றும் உயிரோடிருந்து இதே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றது. நாட்டிலஸுக்கு அந்தக் குழல் அறைகளின் நடுவாகப் போகும். அம்மோனைட்டுக்கு வெளி விளிம்பை ஒட்டிப் போகும். இந்த ஒரு அடையாளத்தைக் கொண்டே இரண்டையும் பிரித்துச் சொல்லலாம்.

இன்னொரு அடையாளம் அதைவிட அழகானது. நான் கல்லை ஈரத்துணியில் வைத்ததே அதற்காகத்தான். நனைந்திருந்தால் நன்றாகத் தெரியும். கல்லின் பக்கவாட்டில் கொத்தமல்லித் தழையை வரிசையாக ஒட்டினதுபோல் கோடுகள் தெரிகின்றனவா? இவற்றை யாரும் செதுக்கவில்லை. உள்ளே இருக்கின்ற குறுக்குச் சுவரின் ஓரம் நேராக இல்லாமல், புடவைக் கொசுவம்போல் மடிந்து மடிந்து போய் ஓட்டோடு ஒட்டியிருந்தது. பிராணி செத்து, அறைகளுக்குள் சேறு புகுந்து இறுகிக் கல்லாகி, பிறகு மேலோடு கரைந்தோ உதிர்ந்தோ போய்விட்டால், சுவர் ஒட்டியிருந்த இடம் கோடாக நிற்கும். தையல் கோடு என்று சொல்லலாம். நாட்டிலஸுக்கு இந்தக் கோடு சாதாரண வளைவு. அம்மோனைட்டுக்கோ தழைக்குள் தழையாகப் பிரிந்து போகும். எதற்காக இவ்வளவு மடிப்பு? கூரைக்குப் போடுகின்ற தகரத்தை நெளிநெளியாகச் செய்தால் பலம் அதிகமாவதுபோல நீரின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக என்று சிலர் சொல்லுகின்றார்கள். அறைக்குள் நீரைப் பிடித்து வைப்பதற்காக என்று வேறு சிலர் சொல்லுகின்றார்கள். விவாதம் இன்னும் நடக்கின்றது. யாரும் யாரையும் நாஸ்திகன் என்று திட்டவில்லை.

வாய் எப்படி என்று கேட்பீர்கள். கிளி மூக்குப்போல் மேலும் கீழும் தாடைகள். அதற்குள்ளே அரம்போலப் பல் வரிசை வைத்த நாக்கு. சுருளாமல் கோல்போல நேராக வளர்ந்த பாக்குலைட்டு என்ற வகை ஒன்றை எக்ஸ்ரே கதிர்களால் உடைக்காமலே ஊடுருவிப் பார்த்து, அந்தப் பற்களையும், பற்களின் நடுவே சிக்கியிருந்த குட்டிப் பிராணிகளையும் 2011-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். அது தின்ற கடைசிச் சாப்பாடாக இருக்கலாம்! அந்த நேர்க்கோல் வகையும் நம் பக்கத்துப் பாறைகளில் கிடைப்பதுதான்.

இந்திரனும் மற்றவர்களும்

இனி நம்மூர்க் கதைக்கு வருகின்றேன். நாம் கூடியிருக்கின்ற இந்த வில்லியனூர் கொம்யூனில் கரசூர், சேதராப்பட்டு. எல்லைக்கு அப்பால் வழுதாவூர். இந்தச் சில மைல் வட்டாரத்தில், சிவப்பு மணற்கல்லுக்கும் வண்டலுக்கும் நடுவே, பழைய கடலடிப் பாறைகள் தலைகாட்டுகின்றன. பூகர்ப்ப சாஸ்திரிகளின் புஸ்தகங்களில் வழுதாவூர்ப் படிவு, கரசூர்ப் படிவு என்று நம் ஊர்ப் பெயர்களே அச்சாகியிருக்கின்றன. தன் ஊர்ப் பெயர் அங்கே இருக்கின்றதென்று தெரிந்தவர் கரசூரில் எத்தனை பேர்?

1840-ஐ ஒட்டிய வருஷங்களில், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்தபோது, சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர் இந்தப் பக்கத்திலும் விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலும் இத்தகைய கற்களைச் சேகரித்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற ஆராய்ச்சிக்காரர் ஒவ்வொன்றையும் அளந்து, படம் எழுதுவித்து, பெயர் வைத்து 1846-ல் வெளியிட்டார். அந்தப் புஸ்தகத்தை இன்று கைப்பேசியிலேயே திறந்து பார்க்கலாம். அதில் அவர் நம்மூர் அம்மோனைட்டுகளுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: இந்திரா, பிரம்மா, விஷ்ணு, சிவா, சூர்யா, கணேசா! சிரிக்காதீர்கள், நிஜம். புதுப் பிராணிக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாம். இந்தியாவிலிருந்து வந்தவையாதலால் அவருக்குத் தெரிந்த இந்தியப் பெயர்களை வைத்தார். பக்திக்காகவுமல்ல, பரிகாசத்துக்காகவுமல்ல. ஒரு முறை முறைப்படி வைத்த இனப்பெயரைப் பின்னால் வருகின்றவர் தம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்பது அந்த சாஸ்திரத்தின் சட்டம். ஆகவே இன்றைக்கும் ஜப்பானில் ஒருவர், அலாஸ்காவில் ஒருவர், தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இந்த இனத்தைக் கண்டால் இந்திரா என்றுதான் எழுதியாக வேண்டும். அந்த நாடுகளிலெல்லாம் அது கிடைத்தும் இருக்கின்றது. புராணத்து இந்திரன் இமயமலையைத் தாண்டி அந்நிய தேசம் போனதாகக் கேள்வியில்லை. நம் வழுதாவூர் இந்திரன் உலகமெல்லாம் நீந்தியிருக்கின்றான்.

மேஜையிலிருக்கின்ற இந்தக் கல் அந்த இந்திரன் என்றுதான் படங்களோடு ஒத்துப் பார்த்ததில் எனக்குப்படுகின்றது. எதனால் சொல்லுகின்றேன்? உள்சுற்றுகள் சிறியவை, வெளிச்சுற்று திடீரென்று உயர்ந்து பெருக்கின்றது. நடுக்குழி, அதாவது தொப்புள், சிறுத்து ஆழமாக இருக்கின்றது. ஓட்டின்மேல் வரப்புப்போன்ற மேடுகள் இல்லை, தடவினால் வழவழப்பு. தையல் கோட்டைப் பார்த்தாலோ, இலைவடிவக் கோடுள்ள வேறொரு வம்சத்தைப் போலத் தோன்றும், ஆனால் அதுவல்ல. வியன்னாவிலிருந்த கோஸ்மாட் என்பவர் இதற்கென்று 1895-ல் தனி வம்சப் பெயரே உண்டாக்கி, சூடோபிலைட்டிஸ் இந்திரா ஆக்கினார். போலி பிலைட்டிஸ் என்று அர்த்தம். பிரம்மாவின் பெயரில் ஒரு வம்சமே இருக்கின்றது, பிரம்மைட்டிஸ் என்று. அதன் சுற்றுகள் ஒன்றையொன்று மூடாமல் எல்லாம் வெளியே தெரியும். ஓட்டில் இடைவிட்டு இறுக்கிக் கட்டினாற்போல் பள்ளங்கள் இருக்கும். விஷ்ணுவும் அந்த வம்சத்திலேயே சேர்க்கப்பட்டுவிட்டார். யார் பெரியவர் என்று பிரம்மாவும் விஷ்ணுவும் அடித்துக்கொண்ட சண்டை கோஸ்மாட் துரையால் இப்படித் தீர்ந்தது.

இன்னொரு பெயரையும் தாய்மார்களுக்காகச் சொல்லுகின்றேன். ஃபோர்ப்ஸ் ஒன்றுக்கு மெனு என்று பெயர் வைத்தார். மநுதர்மத்து மநுவை அக்காலத்து ஆங்கிலேயர் அப்படித்தான் எழுதினார்கள். முதிர்ந்த மெனுவின் ஓட்டில் இரு பக்கமும் முட்டுமுட்டாகக் குமிழ்கள் இருக்கும். அம்மோனைட்டுகளில் ஒரே இனத்தில் பெரிய ஓடு பெண், சிறிய ஓடு ஆண் என்று ஆராய்ச்சிக்காரர் கருதுகின்றார்கள். வேறு பெயரில் எழுதப்பட்டிருந்த ஒரு பெரிய அம்மோனைட்டு வகைக்கு இந்த மெனு வகைதான் ஆணாயிருக்கவேண்டும் என்பது பின்னால் வந்தவர்கள் சொன்ன முடிவு. பெண்ணை எக்காலத்திலும் ஆணுக்கு அடங்கியவளாகச் செய்த மநுவின் பெயரைத் தாங்கிய பிராணி, தன் பெண்சாதியைவிடச் சிறியதாகப் போய்விட்டது!

ஃபோர்ப்ஸ் சொன்னதெல்லாம் வேதவாக்கா என்றால் அதுவுமில்லை. புதுச்சேரிப் பாறைகளை உண்மையில் இருப்பதைவிட மிகவும் பழையவை என்று அவர் தப்பாகக் கணித்தார். வார்த் என்பவர் சேகரித்த கற்களைக்கொண்டு கோஸ்மாட் அதைத் திருத்தினார். நடுவில் ஸ்டோலிஸ்கா என்பவர் இந்திய பூகர்ப்ப இலாகாவில் இருந்துகொண்டு தென்னிந்தியக் கல்லுயிர்களைப் பற்றிப் பெரிய பெரிய புஸ்தகங்களாக எழுதி, 1874-ல் லடாக் மலையில் பிரயாணத்தின்போதே செத்துப்போனார். கடலில் 300 பாகம் ஆழத்துக்குக் கீழே உயிரே இருக்காது என்றுகூட ஃபோர்ப்ஸ் ஒரு காலத்தில் சொன்னார். வலை போட்டுப் பார்த்தார்கள், உயிர் இருந்தது, அந்தக் கொள்கை போயிற்று. அதற்காக அவர் பெயரை யாரும் எடுத்துவிடவில்லை. அவர் தப்பையும் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

சாளக்கிராமம் என்பது

இப்போது அந்தப் பட்டுத் துணிக்கு வருகின்றேன். சாளக்கிராமம் என்று பூஜை செய்கின்றார்களே, அது நேபாளத்தில் கண்டகி நதியிலிருந்து வருகின்ற கறுப்புக் கல். உடைத்தால் உள்ளே சக்கரம் இருக்கும். அந்தச் சக்கரம் அம்மோனைட்டேதான். நம்மூர் இந்திரனைவிடப் பல கோடி வருஷம் மூத்த வேறு வகைகள். புராணம் என்ன சொல்லுகின்றது? ஒரு பதிவிரதையின் புருஷனைப்போல விஷ்ணு வேஷம் போட்டுக்கொண்டு போய் அவளை ஏமாற்ற, அவள் கல்லாகப் போ என்று சபித்தாளாம். பிறகு வஜ்ரகீடம் என்ற புழு அந்தக் கல்லைக் குடைந்து சக்கரம் செய்ததாம். கதையின் ஒழுக்கத்தைப் பற்றி நான் இன்று பேசவில்லை. அதற்கு வேறு கூட்டம் வேண்டும். புழுவைப் பற்றி மாத்திரம் கேட்கின்றேன். வெளியிலிருந்து புழு குடைந்திருந்தால் அது போன வழி திறந்த பொந்தாகத்தானே இருக்கவேண்டும்? குறுக்கே ஒழுங்காகச் சுவர்கள் எப்படி வந்தன? சுவருக்குச் சுவர் இடைவெளி உள்ளிருந்து வெளியே கிரமமாகப் பெருத்துக்கொண்டு போவானேன்? சுவரின் ஓரத்தில் தழைபோன்ற கோடு எதற்கு? இத்தனை வருஷமாக உடைத்த கற்களில் ஒன்றிலாவது அந்தப் புழு செத்துக் கிடந்ததுண்டா?

கடல் பிராணி மலைமேல் எப்படிப் போயிற்று என்று கேட்பது நியாயமான கேள்வி. முக்திநாத் ஏறத்தாழ 12,000 அடி உயரம். பிராணி ஏறவில்லை, தரை ஏறிற்று. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே ஒரு கடல் இருந்தது. தெற்கே வெகுதூரத்தில் தனித் தீவாக இருந்த நம் தேசம் வடக்கே நகர்ந்து போய் முட்ட, அந்தக் கடலின் அடித்தரை மடிந்து இமயமலையாக எழுந்தது. அந்தத் தரையோடு அம்மோனைட்டும் மேலே போயிற்று.

இதை நம் ஜனங்களின் மூடத்தனம் என்று மாத்திரம் நான் சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் விட்பி என்ற ஊரில் ஹில்டா என்ற கிறிஸ்தவப் பெண் துறவி பாம்புகளைச் சபித்துக் கல்லாக்கினாள் என்று சொல்லி இதே அம்மோனைட்டைக் காட்டினார்கள். தலையில்லாத பாம்பா என்று கேட்டதற்கு, வியாபாரிகள் கல்லில் பாம்புத் தலையைச் செதுக்கி வைத்தே விற்றார்கள்! அம்மோனைட்டு என்ற பெயரே எகிப்து தேசத்து ஆமோன் சாமியின் ஆட்டுக்கொம்பிலிருந்து வந்ததுதான். நம் பக்கத்திலும் சாளக்கிராமத்தோடு நிற்கவில்லை. திருவக்கரையில் கல்லாய்ப்போன பெரிய மரங்கள் கிடக்கின்றன. அவை விஷ்ணு கொன்ற அசுரனின் எலும்புகள் என்று கதை. 18-ம் நூற்றாண்டிலேயே ஸொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் அவை மரங்கள் என்று எழுதினார். எலும்பில் மர ரேகை இருக்குமா என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றாமலா இருந்திருக்கும்? தோன்றியிருக்கும், சொல்லப் பயந்திருப்பார்கள்.

சென்ற வாரம் ஒரு நண்பர், "உங்கள் விஞ்ஞானிகள் இப்போதுதான் கோடிக்கணக்கான வருஷம் என்கிறார்கள், நம் சாஸ்திரத்தில் ஒரு கல்பத்துக்கு 432 கோடி வருஷம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்களே" என்றார். சந்தோஷம். ஆனால் எந்தக் கல்லை அளந்து சொன்னார்கள் என்று கேட்டேன், பதிலில்லை. பாறைகளின் வயதைச் சொல்லுகின்றவர்கள், எரிமலைச் சாம்பலில் உள்ள யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கின்றது என்று நிறுத்துக் கணக்குப் போட்டுச் சொல்லுகின்றார்கள். வேண்டுமானால் நீயும் நிறுத்துப் பார் என்கின்றார்கள். அந்தக் கணக்குகளையும், ஊருக்கு ஊர் ஒத்துப்போகின்ற ஓடுகளையும் கொண்டுதான் வழுதாவூர்ப் படிவுக்குச் சுமார் 7 கோடி வருஷம் என்கின்றார்கள். சாஸ்திரக் கணக்கில் கிருதயுகம் மாத்திரம் 17,28,000 வருஷம். அதில் ராஜாக்களும் ரிஷிகளும் இருந்தார்கள். நம்மைப்போன்ற மனிதன் உண்டாகிச் சுமார் 3 லட்சம் வருஷந்தான் ஆகின்றது. ரிஷியின் எலும்பு ஒன்றையாவது அந்த மண்ணிலிருந்து காட்டட்டும், நான் பேச்சை நிறுத்திவிடுகின்றேன்.

எந்த மண்ணில் எது இருக்கும் என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. அந்தப் பையனே பாடப் புஸ்தகத்தைக் காட்டி, மரவட்டைபோல இருக்கின்ற இந்த டிரைலோபைட்டு நம்மூரில் கிடைக்குமா என்று கேட்டான். அதன் உடம்பு நீளவாக்கில் மூன்று பாகமாகப் பிரிந்திருக்கும். காஷ்மீரத்திலும் ஸ்பிதியிலும் மிகப் பழைய பாறைகளில் அது உண்டு. இங்கே எவ்வளவு தோண்டினாலும் வழுதாவூர்ப் பாறையில் வராது. ஏனென்றால் 25 கோடி வருஷத்துக்கு முன்பே அந்த வம்சம் பூண்டற்றுப் போய்விட்டது. அதேபோல் வழுதாவூர்ப் படிவில் அம்மோனைட்டு இருக்கின்றது. அதற்குமேல் படிந்த கரசூர்ப் படிவில் நத்தையுண்டு, சிப்பியுண்டு, அம்மோனைட்டு இல்லை. நம் கொம்யூன் மண்ணிலேயே எழுதியிருக்கின்ற சாவுச் செய்தி இது. 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன் ஒரு பெரிய விண்கல் இப்போது மெக்ஸிகோ இருக்கின்ற இடத்தில் விழுந்தது. இங்கே தக்காணத்தில் எரிமலைக் குழம்பு ஓடிக்கொண்டிருந்த காலமும் அதுவே. வெயில் மறைந்தது, கடலின் மேல்மட்டத்துச் சின்னஞ்சிறு உயிர்கள் மாண்டன. கசகசா அளவில் பிறந்து அவற்றோடு மிதந்து திரிந்த அம்மோனைட்டுக் குஞ்சுகளுக்கு ஆகாரமில்லை. ஆழத்தில் பெரிய முட்டையிட்டுப் பெரிய குஞ்சு பொரித்த நாட்டிலஸ் தப்பித்தது. காரணம் இதுதான் என்று பலர் கருதுகின்றார்கள். இந்திரா, பிரம்மா, விஷ்ணு என்று பெயர் வைத்திருந்தும் ஒன்றாவது தப்பவில்லை.

ஃபோர்ப்ஸ் பார்த்து எழுதிய கற்கள் லண்டன் மியூசியத்தில் நம்பர் போட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. ஸ்டோலிஸ்கா பார்த்தவை கல்கத்தாவில் இருக்கின்றன. அவை பத்திரமாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சேதராப்பட்டில் தொழிற்பேட்டை வந்திருக்கின்றது, மனைகள் போடுகின்றார்கள், போர் போடுகின்றார்கள். பாறை தலைகாட்டுகின்ற இடங்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன. ஆகவே உங்களை ஒன்று கேட்டுக்கொள்ளுகின்றேன். கிணறோ அஸ்திவாரமோ வெட்டும்போது இத்தகைய கல் வந்தால் சந்தனம் பூசாதீர்கள், வியாபாரிக்கும் விற்காதீர்கள். எந்த ஊர், யார் நிலம், எத்தனை அடி, எந்த மண், என்ன தேதி என்று எழுதிக் கல்லோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தால் போதும். வெட்டுகின்றவர் யாரோ அவர் பெயரையும் எழுதுங்கள். லண்டனில் கே துரையின் பெயர் இருக்கின்றது, அவருக்குக் கல்லை வெட்டிக் கொடுத்த நம்மவன் பெயர் இல்லை. இந்தக் கல்லோடு கட்டியிருக்கின்ற சீட்டில் அந்தப் பையன் தன் கையாலேயே எழுதியிருக்கின்றான். வரப்பு என்பதற்குச் சின்ன ர போடுவதற்குப் பெரிய ற போட்டுவிட்டான், நான் திருத்தவில்லை.

நேரமாகிவிட்டது. விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள். பூதக்கண்ணாடி ஒன்றுதான் இருக்கின்றது, ஆகையால் வரிசையாக வாருங்கள். தையல் கோடு இடது பக்கத்தில்தான் நன்றாகத் தெரியும். கை கழுவிவிட்டு வரவேண்டியதில்லை. பிள்ளைகளை முன்னால் விடுங்கள்.